மக்காத மரம்

லிம்பெரிஸின் மண்வெட்டி இடுப்பளவு ஆழத்தில் எதிலோ மோதி டங்கென்று ஒலித்தது. கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குழியை எட்டிப் பார்த்தார்கள். ஐந்து வருஷம் மண்ணுக்குள் கிடந்த சவப்பெட்டி டங்கென்று ஒலிக்கக் கூடாது. நகரத்திலிருந்து வரும் மட்டமான பைன் பலகை அதற்குள் நைந்து, மண்வெட்டி பட்டதும் பொதுக்கென்று உள்ளே போய்விடும். பிறகு கையால் துழாவி எலும்பு எலும்பாக எடுத்து மேலே கொடுப்பார்கள். பெண்கள் அதை ஒயினில் கழுவி வெள்ளைத் துணியில் பரப்புவார்கள். பிளதனாகி ஊரில் கல்லறைக்கு இடம் குறைவு. ஐந்து வருஷம் படுத்தவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட்டாக வேண்டும்.

"கல்லா?" என்று மேலே நின்ற பாதிரியார் கேட்டார்.

"கல்லு இல்ல சாமி. பலகை. நேத்து அடிச்ச மாதிரி இருக்கு," என்றான் லிம்பெரிஸ்.

அந்த ஊரில் குழி வெட்டுவது, மணி அடிப்பது, கோவில் கூரைக்கு ஓடு மாற்றுவது எல்லாம் லிம்பெரிஸ்தான். வாயும் அவனுக்குத்தான் நீளம். ஆனால் அந்தக் காலையில் அவன் மேற்கொண்டு எதுவும் பேசாமல் கடப்பாரைக்குக் கையை நீட்டினான்.

குழியின் தலைமாட்டில் சராந்தோஸ் நின்றிருந்தார். இறந்த கனெல்லாவின் புருஷன், அறுபத்தொரு வயது, மலைக்காட்டுக்குக் காவலர். கையில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். கனெல்லாவின் எலும்புகளை வைக்க வாங்கியது, மூடியில் அவள் பெயர் எழுதியிருந்தது. அங்கே நின்றவர்களில் அவர் ஒருவருக்குத்தான் அந்தச் சத்தம் ஆச்சரியமாக இல்லை. அந்தப் பலகையை அறுத்து இழைத்தவர் அவர். அது மக்காது என்று தெரிந்தே எடுத்தார், மக்கக் கூடாது என்றுதான் எடுத்தார். ஆனால் ஐந்து வருஷம் கழித்து இப்படி ஒரு காலை வரும் என்பது மட்டும் அவர் புத்தியில் தட்டவே இல்லை. இத்தனைக்கும் அப்பன் எலும்பையும் அம்மா எலும்பையும் இதே இடத்தில் தன் கையால் எடுத்துக் கொடுத்தவர். மனுஷப் புத்தி சில நேரம் அப்படித்தான், தெரிந்த வீட்டிலேயே வழி தவறிப் போகும்.

மூடியை நெம்பியபோது ஆணிகள் கிறீச்சிட்டன. இனிப்பும் காரமுமாக ஒரு வாசனை எழுந்து வந்து எல்லோர் மூக்கிலும் ஏறியது. கனெல்லா அப்படியே இருந்தாள். தோல் கறுத்து இறுகியிருந்தது, ஆனாலும் இன்னார் என்று யாரும் சொல்லிவிடலாம். பாதிரியார் ஜெபத்தைப் பாதியில் விட்டார். பெண்கள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

சராந்தோஸ் குனிந்து பார்த்தார். நெஞ்சுக்குள் ஏதாவது வரும் என்று நின்று பார்த்தார். எதுவும் வரவில்லை. சாவு நடந்த அன்றும் வரவில்லை, நாற்பதாம் நாளும் வரவில்லை, ஐந்து வருஷமாக வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிறவரைப்போல அவர் நாள்களை ஓட்டிக்கொண்டிருந்தார். வலி இல்லை, அதே சமயம் கால் இருப்பதாகவும் தெரியவில்லை.

மண்ணாய்ப் போவது அந்த ஊரில் சாபம் இல்லை, மண்ணாகாமல் போவதுதான் சாபம். ஒருத்தரை மண் தின்ன மறுத்தால் யாருடைய வயிற்றெரிச்சலோ அவர் மேல் இருக்கிறது என்று அர்த்தம். யாருடையது என்று கனெல்லா விஷயத்தில் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோருடைய தலையும் ஒரே சமயத்தில் வாசல் பக்கம் திரும்பியது.

வாசலில் பகோனா நின்றிருந்தாள். கனெல்லாவின் கூடப்பிறந்த தங்கை. அக்கா சாவுக்கே வராதவள், எலும்பு எடுக்கும் நாளுக்கு மட்டும் வந்து, உள்ளே வரத் தைரியம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அம்மா விட்டுப்போன கஷ்கொட்டைத் தோப்பில் தன் பங்கைக் கனெல்லா தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியூர்க்காரனுக்கு விற்றுவிட்டாள். விஷயம் தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஊரே வெளியே வரும் நேரம் பார்த்து, பகோனா கோவில் முற்றத்தில் நின்று கத்தினாள்: "மண்ணு உன்னைத் தின்னாம போகட்டும்டி!" அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

இப்போது பகோனா மெல்ல நடந்து வந்தாள். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. அவள் பாவாடை பட்டுவிடக் கூடாது என்பதுபோல் கொஞ்சம் அதிகமாகவே ஒதுங்கியது. குழிக்குள் பார்த்தாள். அப்படியே மண் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்," என்றாள். "என் வாய்தான் அக்காவ இப்படி வச்சிருக்கு."

சராந்தோஸ் தகரப் பெட்டியைக் கீழே வைத்தார்.

பாதிரியார் மூடியைத் திரும்பப் போடச் சொன்னார். வருகிற சனிக்கிழமை பெட்டியை எடுத்துவிட்டு, உடலை வெறும் துணியில் சுற்றி, மண்ணுக்கு இன்னும் மூன்று வருஷம் கொடுப்பது என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் தினமும் மன்னிப்பு ஜெபம். எலும்பைக் கழுவக் கொண்டுவந்த ஒயினை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. லிம்பெரிஸுக்குத் தெரிந்திருந்தது.

அந்த மலைக்காரர்கள் கேத்ரோ என்று சொல்லும் மரம் ஜூனிப்பரில் ஒரு ஜாதி. கையைக் குத்தும் ஊசி இலை, சிறு நெல்லிக்காய் பருமனில் நீலம் பூத்த காய். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. காய்ப்பது பெண் மரம் மட்டும். கடலுக்கு அந்தப் பக்கம், துருக்கி, சிரியா, லெபனான் மலைகளில் அது ஊரறிந்த மரம். ஐரோப்பாக் கண்டத்தில் பார்னோன் என்ற இந்த மலையையும் பக்கத்து மலையையும் விட்டால் வேறு எங்கும் தானாக முளைக்காது. நடுவில் அவ்வளவு கடல் கிடக்க, இங்கே எப்படி வந்தது என்று வருஷா வருஷம் படித்தவர்கள் கூடாரத்தோடு வந்து ஆராய்ச்சி செய்வார்கள். கடைசியில் சராந்தோஸிடமே கேட்பார்கள். "நான் வேலைக்கு வந்தப்பவே இருந்துச்சு," என்பார் அவர்.

முப்பது வருஷமாக அந்தக் காட்டின் எல்லையைச் சுற்றி வருவதுதான் அவருக்கு வேலை. எல்லை என்றால் வேலி கிடையாது. மேட்டில் ஓர் இடத்தில் கேத்ரோ நின்றுவிடும், அதற்கு மேல் வெறும் பாறை. கீழே ஓர் இடத்தில் நின்றுவிடும், அதற்குக் கீழே கஷ்கொட்டை. கடைசி மரங்களுக்கு எண் போட்டு, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து எழுதுவார். சட்டம் கடுமையானது. ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது. தானாக விழுந்த மரமும் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். மண்வெட்டிக் காம்புக்கு ஒரு கிளை வெட்டினான் என்று லிம்பெரிஸ் மேலேயே வழக்கு எழுதியவர் சராந்தோஸ்.

அப்படிப்பட்டவர்தான் அந்த மரத்தைத் தொட்டார். கனெல்லாவுக்கு வயிற்றில் புற்று. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அந்த ஜனவரியில் பனிப் பாரம் தாங்காமல் மேல் எல்லையில் ஒரு பெண் மரம் முறிந்து விழுந்தது. சராந்தோஸ் அதைத் துண்டு போட்டு, தார்ப்பாயில் மூடி, அலுவலக ஜீப்பிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தார். படுக்கையறையை ஒட்டிய கொட்டகையில் ஆறு வாரம் அறுத்தார், இழைத்தார். மண்ணும் புழுவும் அவளைத் தொடக் கூடாது, அது ஒன்றுதான் அவர் எண்ணத்தில் இருந்தது. ஆறுதலாக நாலு வார்த்தை பேச அவருக்கு வராது. கை வேலை வரும்.

சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டது.

"என்னய்யா செய்றே, கதவா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆமா."

"எந்த வீட்டுக்கு?"

அவர் இழைப்புளியை மறுபடி ஓட்டினார். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அவர் போய்த் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

கடைசி வாரத்தில் அவள் தங்கையைக் கேட்டாள். திங்கட்கிழமை கேட்டாள், நாளைக்கு என்றார். செவ்வாய்க்கிழமை கேட்டாள், நாளைக்கு என்றார். புதன்கிழமையும் கேட்டாள். பகோனா வீடு நீரூற்றுக்குக் கீழே, நடந்து போனால் பத்து நிமிஷம். தொலைபேசி அடுப்புக்கு மேல் அலமாரியில் இருந்தது. ஆனால் பெட்டிக்கு மூடி இன்னும் பாக்கி. அதோடு, ஊர் முன்னால் அப்படிச் சபித்த வாய், இப்போது வந்து எலும்பும் தோலுமாகக் கிடப்பவளைப் பார்த்து என்ன கிழிக்கப் போகிறது என்ற ஆத்திரமும் இருந்தது. வியாழக்கிழமை விடிந்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை. அவர் மூடியை முடித்தார். மரம் அடையாளம் தெரியாமலிருக்க அக்ரூட் தோல் வேகவைத்த தண்ணீரைப் பூசிப் பலகையைக் கறுப்பாக்கி, மேலே துணி ஒட்டினார். சாவுக்கு வந்தவர்கள் வாசனையைச் சாம்பிராணி என்று நினைத்துக்கொண்டார்கள். தங்கையைக் கேட்ட விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

குழியைத் திறந்து மூடிய அடுத்த நாள் காப்பிக் கடையில் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

"புனிதருங்க ஒடம்புதான் அழுகாது, வாசம் வரும்," என்றார் கடைக்காரர். "நான் மோந்தேன். நல்ல வாசம்."

"கனெல்லாவா புனிதை?" என்று லிம்பெரிஸ் சிரித்தான். "எங்க வீட்டுச் சேவலக் கொதிக்கிற தண்ணி ஊத்தி வெரட்டினவய்யா அவ. அவளுக்குக் கோவில் கட்டினா முதல்ல அந்தச் சேவலுக்குக் கட்டணும்."

"அப்ப சாபந்தான்."

"சாபந்தான். அந்தப் பொம்பள வாயில விழாதீங்கடா. என்னப் பாத்து நல்லாருன்னு சொன்னாக்கூட நான் காதப் பொத்திக்குவேன்." லிம்பெரிஸ் சராந்தோஸ் பக்கம் திரும்பினான். "நீ என்ன சொல்றே, காட்டு ராஜா? பொண்டாட்டி ஒன்னோடது. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு."

சராந்தோஸ் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார்.

"மரம்யா இது," என்று பின்னால் லிம்பெரிஸின் குரல் கேட்டது. "எல்லைக் கல்லுக்குப் பதிலா இந்தாள நட்டு வைக்கலாம்."

பகோனா அந்த வாரம் வீடு வீடாகப் போனாள். செருப்பில்லாமல், ஒவ்வொரு கதவையும் தட்டி, "என்ன மன்னிச்சிருங்க, எங்கக்காவுக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க," என்று கேட்டாள். கதவைத் திறந்தவர்கள் பாதித் திறப்பிலேயே தலையாட்டி அனுப்பினார்கள். ரொட்டிக் கடைக்காரி இடுப்பில் இருந்த குழந்தையைச் சட்டென்று அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். பகோனா அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

சராந்தோஸும் எதிர்ச் சாரியில் ஜீப்பிலிருந்து அதைப் பார்த்தார். ஒரு வார்த்தையில் தீர்த்துவிடலாம். மரம் கேத்ரோ, அதனால்தான் மக்கவில்லை, சாபமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்றால் முடிந்தது. சொன்னால் வேலை போகும். முப்பது வருஷம் அடுத்தவன் கையில் இருந்த சுள்ளியைப் பிடுங்கியவன், தானே ஒரு முழு மரத்தைத் தூக்கிப் போனான் என்று ஊர் வாயில் விழ வேண்டும். பயமா என்று யோசித்துப் பார்த்தார். பயமும் இல்லை, பரிதாபமும் இல்லை. ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு மேல் எல்லைக்குப் போய், கடைசி மரங்களை எண்ணி, எல்லாம் உயிரோடு இருப்பதாக எழுதிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் பகோனா அவர் வீட்டுக்கே வந்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவை. வாசற்படியைத் தாண்டவில்லை.

"அத்தான்," என்றாள். "ஒன்னே ஒன்னு கேக்க வந்தேன்."

"உள்ள வா."

"வேணாம். இங்கயே நிக்கிறேன். செத்தவங்க சார்பா அவங்க வீட்டாளுங்க மன்னிக்கலாம்னு சாமி சொன்னாரு. புள்ளைங்க இல்ல. நீங்கதான் இருக்கீங்க. அக்கா மன்னிச்சிட்டான்னு அவ சார்பா நீங்க சொல்லிருங்க. நாலு வார்த்ததான். சனிக்கெழம அவளக் கண்கொண்டு பாக்கணும் நான்."

அவள் கால் வெடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது. சராந்தோஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மன்னித்தேன் என்று சொல்லிவிட்டால் இவள் போய்விடுவாள். ஆனால் மன்னித்தேன் என்றால் சாபம் நிஜம் என்றாகிவிடும். சாகும்வரை இவள் ரொட்டிக் கடைக்காரி குழந்தையை மாற்றிக்கொண்டதைச் சுமந்துகொண்டு திரிவாள். நெஞ்சு சொல்லவில்லை, அது எதுவும் சொல்கிற நிலைமையில் இல்லை. இது தப்பு என்று எழுத்தில் எழுதி வைத்தாற்போலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"சாபம் இல்ல பகோனா. மரம்."

"என்ன மரம்?"

"பெட்டி. கேத்ரோவுல செஞ்சேன். நான்தான் செஞ்சேன். அது மக்காது. உள்ள இருக்கிறதையும் மக்க விடாது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"என்னத் தேத்துறதுக்குச் சொல்றீங்க."

"நெசமாத்தான்."

"காட்டுல ஒரு காய் பொறுக்க விடமாட்டீங்க. நீங்க மரம் வெட்டினீங்களாக்கும்! பச்சப் புள்ளைக்குக் கத சொல்ற மாதிரி இருக்கு. நல்ல மனசு அத்தான் ஒங்களுக்கு, வேணாம். என் பாவத்த நான் சொமந்துக்குறேன்."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். உண்மையைச் சொல்லியும் பொய்க்காரனாகி நின்றார் சராந்தோஸ். நல்ல மனசு என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அவர் நகரத்தில் இருந்த அலுவலகத்துக்குப் போய் ஒரு தாளை மேஜை மேல் வைத்தார். இன்ன வருஷம், இன்ன எண் மரம், விழுந்து கிடந்தது, எடுத்துப்போய்ச் சவப்பெட்டி செய்தேன். பொறுப்பில் இருந்த அம்மாள் சின்ன வயசுக்காரி. அதை இரண்டு தடவை படித்தாள்.

"மார்ச்சுல ஓய்வு பெறப் போறீங்க. இத இப்ப எதுக்கு எழுதுறீங்க?"

"நடந்துச்சு. எழுதிட்டேன்."

"விசாரண முடியிற வரைக்கும் வேலையில இருக்க முடியாதுங்க. பென்ஷன் என்ன ஆகும்னு எனக்கே தெரியல."

அவர் ஜீப் சாவியை மேஜை மேல் வைத்தார். தாளுக்கு நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஊருக்குப் பேருந்தில் திரும்பினார். வேலை போயிற்று என்று தெரிந்தது. ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடம் இல்லை. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது, புனிதையைப் பார்க்கப் பாதி, சபிக்கப்பட்டவளைப் பார்க்கப் பாதி. பாதிரியார் ஜெபப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் சராந்தோஸ் நகலை அவர் கையில் கொடுத்தார்.

"இத எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசிங்க சாமி."

பாதிரியார் வாசித்தார். முத்திரை வரைக்கும் வாசித்தார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. லிம்பெரிஸ் குழிக்குள் குதித்தான். கோடாலியால் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சில்லு கொத்தி எடுத்து, கறுப்பைச் சுரண்டிவிட்டு, மூக்கில் வைத்தான்.

"அடப்பாவி மனுஷா!" என்றான். "கேத்ரோதான். நயம் கேத்ரோ. ஒரு மண்வெட்டிக் காம்புக்கு என்ன கோர்ட்டுக்கு இழுத்தியே, இங்க ஒரு காட்டையே மண்ணுக்குள்ள பதுக்கி வச்சிருக்கே!"

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். பயம் விட்டுப்போன சிரிப்பு அது, கல்லறையில் கேட்கக் கூடாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. இந்த மரத்தில் பெட்டி செய்தால் அவள் எப்படி மண்ணாவாள், புழுகூட முகம் சுளித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். புனிதை என்று சொன்ன கடைக்காரர் தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். ரொட்டிக் கடைக்காரி பகோனாவிடம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கனெல்லாவை வெள்ளைத் துணியில் சுற்றி வெறும் மண்ணில் கிடத்தினார்கள். பகோனா முதல் பிடி மண் போட்டாள். வேலை முடிந்து, பலகைகளை வாசல் பக்கம் அடுக்கிவிட்டு, ஊர் கலைந்து போயிற்று. சராந்தோஸ் நின்றார். பகோனாவும் போகவில்லை.

"அப்ப என் வாயில ஒன்னும் இல்ல," என்றாள்.

"ஒன்னும் இல்ல."

"சந்தோஷப்படணும். பட முடியல. இந்த நாலு நாளா தெனம் வந்து இங்க ஒக்காந்து அவகிட்டப் பேசினேன். என் வாய் அவளத் தொட்டிருக்குன்னா, எனக்கும் அவளுக்கும் நடுவுல இன்னும் ஏதோ இருக்குன்னு நெனச்சேன். இப்ப அதுவும் இல்ல. வெறும் பலக." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒன்னு கேக்கிறேன். தேத்துறதுக்குச் சொல்லாதீங்க. அவ கடைசியில என் பேர எடுத்தாளா?"

இல்லை என்று சொல்லலாம். இல்லை என்றால் இவள் போய்விடுவாள், ஊரும் மறந்துவிடும், வேலையை விட்டுக்கொடுத்து மச்சினி மானத்தைக் காத்தவன் என்ற பெயர் அவருக்கு இருக்கும். அந்தப் பெயர் காலையிலேயே முளைக்கத் தொடங்கிவிட்டது. பாதிரியார் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்.

"எடுத்தா," என்றார். "ஒன்ன வரச் சொன்னா. மூனு நாள் கேட்டா. திங்க, செவ்வா, புதன். நான் கூப்பிடல."

பகோனா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன்?"

"மூடி முடியல. ஒம் மேல ஆத்திரம் வேற. நாளைக்கு நாளைக்குன்னேன்."

"நான் வீட்டுலதான் இருந்தேன். மூனு நாளும் வீட்டுலதான் இருந்தேன். அவளுக்கு முடியலன்னு தெரியும். கூப்பிட்டா ஓடலாம்னு செருப்பப் போட்டுக்கிட்டே ஒக்காந்திருந்தேன்."

சராந்தோஸ் காத்திருந்தார். அவள் வாயிலிருந்து வர வேண்டியது வரட்டும் என்று நின்றார். ஊரே பயந்த வாய். அதை அவர் வேண்டிக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம். அது வந்து விழுந்தால் ஏதாவது உறைக்கும். பகோனா வாயைத் திறந்தாள்.

"இல்ல," என்றாள். "நான் யாரையும் இனி எதுவும் சொல்லப்போறதில்ல. ஒங்களயும் சொல்ல மாட்டேன். அவ என்ன சொன்னா? வரச் சொன்னான்னா எப்படிச் சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அவருக்கு அது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருந்தது. ஐந்து வருஷமாக அதை அவர் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"அந்தக் கழுதைய வரச் சொல்லு," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "தல சிக்கு விழுந்து கெடக்கு. இந்த மனுஷனுக்கு மரஞ் சீவத்தான் தெரியும், தல சீவத் தெரியாது."

பகோனாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது.

"கழுதைன்னா சொன்னா?"

"கழுதைன்னுதான்."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"அந்தக் கழுதைய வரச் சொல்லு. தல சிக்கு விழுந்து கெடக்கு. இந்த மனுஷனுக்கு மரஞ் சீவத்தான் தெரியும், தல சீவத் தெரியாது."

"அவ கொரலு இப்படி இருக்காது. அவ இழுத்துச் சொல்லுவா. அவ மாதிரி சொல்லுங்க."

அவர் இழுத்துச் சொல்லிப் பார்த்தார். கழுதை சரியாக வந்தது, சிக்கு சரியாக வந்தது. 'இந்த மனுஷன்' என்ற இடத்துக்கு வந்தபோது அது அவர் குரலில் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கேலியும் களைப்புமாக, முப்பத்திரண்டு வருஷம் அவரை அப்படியே கூப்பிட்ட குரலில் அவர் காதுக்குள் விழுந்தது. மூன்று நாள் அவள் தலையைக் கோதிவிட ஓர் ஆள் கேட்டிருக்கிறாள். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சீப்பை எடுத்திருக்கலாம். அவருக்கு நெஞ்சு வலித்தது. கையை வைத்து அழுத்திக்கொள்ளும்படி, நிஜமாக வலித்தது. புது மண்ணின் மேல் உட்கார்ந்து, அறுபத்தொரு வயது மனுஷன் வாய்விட்டு அழுதார்.

பகோனா அவரைத் தொடவில்லை, போகவும் இல்லை. அவர் அழுது ஓயும்வரை கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"எந்திரிங்க," என்றாள். "இன்னும் முழுசாச் சொல்லல நீங்க. மொதல்லருந்து சொல்லுங்க."